தீபாவளிக்குக் கொல்லையைச் செதுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை நாலு தடவை நனைத்துவிட்டுப் போனதும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுக்கப் பூவாகிவிட்டது. இதில் ஒன்றைக்கூட நான் நடவில்லை. தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, விஷ்ணுகிராந்தி, பூளை, முடக்கத்தான், வேலியில் செங்காந்தள், எல்லாம் தானாக வந்தவை. காலையில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அடுப்படி வேலை மறந்துபோகிறது. மூன்று வருடமாக ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் எனக்கு இப்படித்தான்.

நான் எழுத வந்தது இதைத்தான்: இவை பூக்கிற நேரத்தில்தான் தீபாவளியும் வருகிறது, நாமும் வாசல் கொல்லை என்று எல்லாவற்றையும் வழித்துவிடுகிறோம். முன்பெல்லாம் மண்வெட்டியால் செதுக்குவோம், மண்ணில் மிச்சம் கிடக்கும் வேரும் விதையும் அடுத்த மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும். இப்போது களைக்கொல்லி. போன வருடம் எங்கள் தெருவில் காலி மனைகளுக்கெல்லாம் ஆள் வைத்து மருந்து அடித்தார்கள், பத்து நாளில் மொத்தமும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் அங்கே தும்பை வெள்ளை வெளேர் என்று நின்றது, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை.

தும்பையைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் பறித்துத் தேன் உறிஞ்சியிருப்போம், பார்த்திருக்க மாட்டோம். மேல் உதடு குட்டியாக, பஞ்சு ஒட்டினாற்போல் மயிரோடு இருக்கும், கீழ் உதடு அகலமாக விரிந்து பூச்சி வந்து உட்காரத் திண்ணை போட்டதுபோல் இருக்கும். நேருக்கு நேர் நின்று பொருகிற போருக்கே இந்தப் பூவின் பெயரை வைத்தார்கள் நம் முன்னோர். வெட்டுக்காயப் பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள், நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ இல்லை, நடுவில் இருக்கிற மஞ்சள் முழுக்கத் தனித்தனிப் பூக்கள், படத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொன்றும் ஐந்து முனையோடு குட்டி நட்சத்திரமாகத் தெரியும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான், இருந்தாலும் இங்கே சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதுதான் சாப்பாடு. முடக்கத்தான் காயை உடைத்துப் பாருங்கள், கறுப்பு விதை ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம் இருக்கும். என் பேத்திக்கு அதைக் காட்டினேன், இரண்டு நாள் டிவி பக்கமே போகவில்லை.

செங்காந்தள் நம் மாநிலப் பூ. எங்கள் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று தோட்டம் தோட்டமாகப் பயிர் செய்கிறார்கள், விதை மருந்துக்குப் போகிறது. ஆனால் வேலியில் தானாக ஏறி வருகிற கொடி வேறு அழகு. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். மொட்டு பச்சையாகக் கீழே பார்த்துத் தொங்கும், விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கும், அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாளுக்கு ஒரு நிறம். ஒரே பூவை ஐந்து நாள் தொடர்ந்து படம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பூவின் பெண்பாகமான சூல்தண்டு அடியிலேயே வளைந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், தன் மகரந்தம் தன்மேல் எளிதில் படாது. அதனால்தான் விவசாயிகள் காலை நேரத்தில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். கிழங்கிலிருந்து விதை வரை எல்லாம் விஷம், குழந்தைகளும் ஆடும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூளையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவும் வேண்டும். ஐப்பசியில் கொல்லையில் பிடுங்கி எறிந்த அதே செடியை மார்கழிக் கடைசியில் சந்தையில் கட்டு கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு மூலையில் நாலு செடியை விட்டு வைத்தால் போதாதா?

பாம்பு வரும், கொசு வரும் என்பார்கள். பாம்புப் பயம் நியாயமானதுதான். வாசலை ஒட்டியும் நடக்கிற வழியிலும் நானும் வெட்டித்தான் வைத்திருக்கிறேன், ராத்திரி டார்ச் இல்லாமல் பின்பக்கம் போவதில்லை. டெங்குக் கொசு செடியில் முட்டை இடுவதில்லை, தண்ணீர் தேங்குகிற டயர், தேங்காய் ஓடு மாதிரி இடங்களில்தான் இடுகிறது. பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள், உடம்பெல்லாம் அரிப்பு வரும், அதைக் காப்பாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பெரிய கேமரா வேண்டாம். விஷ்ணுகிராந்தியின் நீலம் காலையில்தான் கிடைக்கும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். மேகம் போட்ட நாள் நல்ல நாள். வெயிலாக இருந்தால் குடையை விரித்து நிழல் கொடுங்கள். வெள்ளைப் பூ போனில் வெளிறிப்போகும், பூவின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். காற்றில் ஆடுகிற தண்டைத் துணி க்ளிப்பால் ஒரு குச்சியோடு பிடித்து வைக்கலாம். சாக்கை விரித்துப் படுத்துவிடுங்கள், பூவின் உயரத்துக்கு இறங்கினால்தான் அதன் முகம் தெரியும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். கார்த்திகை முடியும் வரை வாரம் ஒரு நாள், வாசகர் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த பூ ஒன்றின் படத்தை, அந்த ஊரில் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பேரோடு போடுங்கள். இதே வெட்டுக்காயப் பூண்டைத் தாத்தாப்பூ என்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் படமாக எங்கள் வேலிக் காந்தளை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, தாராபுரம்