டம்ளருக்குச் சங்கிலி போட்ட தெருவிலிருந்து

எங்கள் பகுதிக் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வைகையின் வடகரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் என்னென்ன களவு போகிறது என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. பித்தளைக் குழாய், சைக்கிள், வண்டியிலிருந்து பெட்ரோல் என்று மூன்று முறை வந்து சொல்லியிருக்கிறோம். போன வாரம் போர் மோட்டாரின் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருக்கும் செம்புக்காகத்தான். நான்கு குடித்தனத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை.

புகாரோடு வந்தால், "இதுக்குப் போயி கம்ப்ளைன்ட்டா?" என்கிறார்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாதாம். சரி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வதும் அதே சட்டம்தானே? களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டே? பழைய இரும்புக் கடைகளில் ஒரு நாள் போய்க் கேட்டாலே போதுமே. எழுதிக்கொண்டு ரசீது கொடுங்கள் ஐயா. நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

வயர் போனால் வாங்கிக்கொள்ளலாம். வெயில் காலம் வந்தால் எங்கள் வாசலில் மண்பானையில் தண்ணீர் வைப்போம். அம்மா காலத்திலிருந்து வைக்கிறோம். இரண்டு டம்ளர் போனதும் மூன்றாவதற்குச் சங்கிலி போட்டேன். சங்கிலியோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். அப்புறம் பானையை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

அதைவிட வருத்தமானது ஒன்று. பத்து வருஷத்துக்கு மேலாகப் பழைய பேப்பர் எடுக்க வருகிற அக்காவை, வயர் போன மறுநாள் எங்கள் தெருக்காரர்களே மறித்துச் சாக்கைத் தட்டிப் பார்த்தார்கள். பழைய நோட்டும் பால் கவரும்தான் விழுந்தன. அவர் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். யார் எடுத்தார்கள் என்று தெரியாததால் ஏழை எல்லாருமே சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். கேமரா மாட்டுங்கள் என்கிறீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் எதில் மாட்டுவது? வரி கட்டுகிற தெருவில் விளக்கும் எரிவதில்லை. அதற்கு மாநகராட்சியிடம் தனியாக அலைகிறோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புகாரைப் பதிந்து ரசீது தர வேண்டும், இரவு ரோந்து எங்கள் சந்துக்குள்ளும் வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது எங்கள் தெரு வழியாகத்தான் கூட்டம் போகும். அதற்குள் பானையை வாசலில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தெருவாசி ஒருவர்