சுரண்டல் சீட்டும் செல்போனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடப்பதற்கு வீட்டில் கண்டிப்பு இல்லாததுதான் காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் 14 வருஷம் லாட்டரிக் கடை வைத்திருந்தவன் நான். 2003 ஜனவரியில் தமிழக அரசு தடை போடும் வரை அதுதான் பிழைப்பு.

சுரண்டல் சீட்டு வாங்குகிறவர் கடையை விட்டு நகரமாட்டார். பரிசு விவரத்தை மறைத்திருக்கும் பூச்சை எட்டணாக் காசால் சுரண்டுவார். ஒன்றும் இருக்காது. சரி, இன்னொன்று. ஐந்தாவதிலோ ஒன்பதாவதிலோ பத்து ரூபாய் விழும். அந்தப் பத்து ரூபாயை யாரும் பையில் போட்டு நான் பார்த்ததில்லை, அதற்கும் சீட்டுதான். எப்போது விழும் என்று தெரியாததுதான் ஆளை அங்கேயே நிறுத்தியது. மகள் பி.எட். படித்தபோது அவள் புத்தகத்தில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க அறிஞரின் புறாக்களைப் பற்றிப் படித்தேன். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறாவைவிட, எப்போதாவது கிடைத்த புறாதான் விடாமல் கொத்தியதாம்.

இப்போது ஒன்பதாவது படிக்கும் பேரன் ரீல்ஸ் பார்க்கிறான். கட்டைவிரலால் தள்ளுகிறான், முகத்தில் ஒன்றுமில்லை. மறுபடி தள்ளுகிறான். ஏழெட்டுக்கு ஒன்றில் சிரிப்பு வருகிறது, அது அடங்குவதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கடையில் சீட்டாவது தீரும். இரவு ஒன்பதுக்கு ஷட்டரை இறக்குவேன். போனில் தீர்வது என்பதே கிடையாது. முன்பு இணையத்தில் கீழே போனால் 'அடுத்த பக்கம்' என்று அழுத்த வேண்டும், போதுமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். அதை எடுத்துவிட்டு முடிவில்லாமல் உருளும்படி 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

சனிக்கிழமை கூலி வாங்கியதும் பூட்டுப் பட்டறை ஆட்கள் நேராக என் கடைக்கு வருவார்கள். அப்புறம் அவர்கள் மனைவிமார் வாசலில் வந்து அழுவார்கள். 'வீட்டுக்காரரைக் கண்டித்து வையுங்கள்' என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது. கண்டித்து ஒருவரும் விடவில்லை. கடையை மூடிய பிறகுதான் பலர் விட்டார்கள்.

பிள்ளைகளின் கணக்குகளிலாவது அரை மணி நேரத்தில் வீடியோ தானாக நிற்கும்படி செய்யச் சொல்லி அரசு அந்த நிறுவனங்களுக்கு உத்தரவு போட வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் லாட்டரிக் கடைக்காரர்,
திண்டுக்கல்