ஓடிக் காட்டிய கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இத்தாலியக் கார்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், 1970-ஆம் ஆண்டு டூரின் கார் கண்காட்சியில் பெர்டோனே என்ற வடிவமைப்பு நிறுவனம் வைத்த லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜீரோ என்ற மாதிரிக் காரைச் சாலைக்கு உதவாத அலங்காரப் பொருள் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தீர்கள். உதிரிபாகங்களுக்கு வரைபடம் வரைந்தே பிழைத்தவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

அதன் உயரம் 84 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சமையல் மேடையின் அளவுதான். அவ்வளவு தாழ்வான உடலில் பக்கக் கதவு வைத்தால் ஆள் நுழைவது பெரும்பாடு. ஆகவே, அதை வடிவமைத்த மார்செல்லோ காண்டினி முன்கண்ணாடியையே கதவாக்கினார். கண்ணாடியை மேலே தூக்கி, ஸ்டீயரிங் தண்டை முன்பக்கம் சாய்த்துவிட்டு, காரின் மூக்கில் பதித்த ரப்பர் விரிப்பில் கால் வைத்து ஏறி, ஏறக்குறையப் படுத்தவாக்கில் இருக்கையில் அமர வேண்டும். உயரம் என்ற ஒரே கட்டுப்பாடு கதவையும், ஸ்டீயரிங்கையும், அமரும் விதத்தையும் வரிசையாகத் தீர்மானித்திருப்பதை வரைபடம் தெரிந்தவர்கள் உடனே உணர்வார்கள். இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

இருக்கைகளுக்குப் பின்னால், முக்கோண மூடிக்கு அடியில், லான்சியா நிறுவனத்தின் ஃபுல்வியா காருக்குரிய 1.6 லிட்டர் வி4 எஞ்சின் இருந்தது. அதாவது, கார் ஓடியது. பெர்டோனே நிறுவனத்தின் தலைவர் நுச்சோ பெர்டோனே அதைத் தாமே ஓட்டிக்கொண்டு லான்சியா ஆலைக்குச் சென்றார். வாயிலின் தடுப்புக் கம்பத்தைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் கார் அதன் அடியில் நுழைந்துவிட்டது. ஃபுல்வியாவுக்கு மாற்றாக ஒரு ராலி பந்தயக் காரைத் தேடிக்கொண்டிருந்த லான்சியா, அந்தப் பணியைப் பெர்டோனேயிடம் ஒப்படைத்தது. அவ்வாறு காண்டினியின் கையிலேயே உருவான ஸ்ட்ராட்டோஸ் ஹெச்எஃப், ஃபெராரியின் வி6 எஞ்சினுடன் 1974, 1975, 1976 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலி பட்டத்தை லான்சியாவுக்குப் பெற்றுத் தந்தது.

ஜீரோவில் அமர்ந்து நெரிசலான தெருவில் செல்ல முடியாது என்பது உண்மைதான். பக்கவாட்டிலும் பின்னாலும் பார்வை மிகக் குறைவு. ராலி காரின் உடலும் ஜீரோவின் நகல் அன்று. ஆனால் ஜீரோ ஓடிச் சென்று அந்த ஆலையின் வாயிலில் நின்றிராவிட்டால், அந்தப் பணி பெர்டோனேக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மற்றொன்று. கட்டுரையில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. லம்போர்கினியின் மியூரா, கவுன்டாக் கார்களை வடிவமைத்த காண்டினி, 2024 மார்ச்சில் காலமானார். அடுத்த இணைப்பில் ஜீரோவின் படத்தைக் கீழே அவருடைய பெயருடன் மீண்டும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்