கிளினிக் வாங்கில் ஒரு தமிழ்க் குரல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான்கு வருடங்களுக்கு முன், எனது 51ஆவது வயதில், இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று வைத்தியர் உறுதியாகக் கூறிய நாளில், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்து சிங்களத்தைச் சரளமாகப் பேசும் எனக்கே அவர் சொன்னவற்றில் பாதி காதில் ஏறவில்லை. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச்சிகிச்சை என்று ஏறத்தாழ ஒரு வருடம் கழிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நம்பிக்கையை விட்டுவிடாதே என்றார்கள். அவர்களுடைய அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதன்மேல் நம்பிக்கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சிகிச்சை முடிந்த பிறகு அந்த வெறுமை இன்னும் கூடியது.

அது மாறிய இடம் கிளினிக் விறாந்தை. ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்டு வந்திருந்த ஒரு பெண், சத்திரசிகிச்சை முடிந்து ஆறு வாரமாகியும் வலது கையைச் சேலைத் தலைப்பால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பின் கையை மெல்ல மெல்ல அசைத்துப் பழக்காவிட்டால் தோள் இறுகிவிடும். அந்தப் பயிற்சிகளை விளக்கும் தாள் அவருடைய கிளினிக் கொப்பிக்குள் நான்காக மடித்தபடி இருந்தது, சிங்களத்தில். "கையத் தூக்கினா தையல் பிரிஞ்சிரும்னு பயந்துட்டேங்கம்மா" என்றார். தாதியிடம் கேட்டுக்கொண்டு அவரைச் சுவரோரம் நிறுத்தி, விரல்களை எறும்பு ஊர்வதுபோலச் சுவரில் மேல்நோக்கி நகர்த்தக் காட்டினேன். அன்று நெஞ்சளவுக்கு மேல் கை போகவில்லை. அடுத்த மாதம் அவரே என்னைத் தேடிப் பிடித்து, அதே சுவரடிக்கு அழைத்துச் சென்று, தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தைத் தொட்டுக் காட்டினார். இனி எதற்காக இருக்கிறோம் என்று இரவுகளில் என்னை அரித்த கேள்வி அதன் பிறகு வரவில்லை.

இப்போது எனக்குக் கிளினிக் இல்லாத நாட்களிலும் போகிறேன். நோய் திரும்பாமல் தடுக்கக் கொடுக்கப்படும் தமொக்சிஃபென் மாத்திரையைக் குறைந்தது ஐந்து வருடங்களாவது தினமும் எடுக்க வேண்டியிருந்தும், காய்ச்சல் மாத்திரை போல நினைத்து, உடம்பு தேறியதும் நிறுத்திவிட்ட ஒருவரை அங்கே சந்தித்தேன். மொழி விளங்காததால் வரும் இழப்பு மனவருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. நோய் திரும்பிவரவும் அது வழிவிடக்கூடும். தாதியர்மீது எனக்குக் கோபமில்லை, அந்தக் கூட்டத்தில் அவர்கள் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வார்கள்? ஆனால் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்ட நாட்டில், நோயாளியின் கையில் கொடுக்கப்படும் ஒரு தாள் தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையல்ல.

அத்துடன், இந்நோயைக் கடந்து வந்த பெண்களுக்கு முறையான பயிற்சி அளித்து, கிளினிக் நாட்களில் தமிழ் பேசும் ஒருவரையாவது அந்த விறாந்தை வாங்கில் அமர்த்துமாறு சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு: வைத்தியர் சொன்னதை மட்டுமே நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும், அவர் சொல்லாத ஒன்றை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்லிவிடக்கூடாது. சம்பளம் வேண்டாம், பஸ் கட்டணம் கிடைத்தால் போதும். என்னோடு சிகிச்சை பெற்றவர்களில் மூவர் இப்போதே வரத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13