விழாக் கமிட்டியாருக்கு: இந்த முறை டிராக் வேண்டாம்

ஊர்க் கொடைகளையும் திருவிழாக்களையும் எடுத்து நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் இளைஞர் மன்றத்தாருக்கும் வணக்கம்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூல் தொடங்கியிருக்கும். பந்தல், சீரியல் லைட், வாணவேடிக்கை எல்லாம் கணக்கெழுதிவிட்டு, மிச்சப் பணத்துக்கு ‘ஆர்கெஸ்ட்ரா’ என்று எழுதுவீர்கள். இந்த மடல் அந்த ஆர்கெஸ்ட்ரா செலவைப் பற்றித்தான். ஆள் வாசிக்காமல், முன்பே பதிவு செய்த பின்னணி இசையை, அதாவது ‘டிராக்’கை, ஓடவிடும் கச்சேரி வேண்டாம் என்கிறேன்.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வந்த குழுவில் பதினைந்து பேர் இருந்தார்கள். வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், பேஸ் கிட்டார், தபலா, டோலக், காங்கோ, டிரம்ஸ். மேடைக்குப் பக்கவாட்டில்தான் பாய் விரிப்பேன். அங்கிருந்து பாடகர்கள் தெரியமாட்டார்கள், தபலாக்காரரின் விரல்கள் தெரியும். ஒரு பாட்டில் தபலா எங்கே நிற்கிறது, டோலக் எங்கே எடுக்கிறது என்பதையெல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கீபோர்டு வந்ததும் வயலின்காரர்கள் குறைந்தார்கள். ரிதம் பேட் வந்ததும் நாலு தாளக்காரர்களின் வேலை ஒருவர் கைக்குப் போனது. இப்போது பல மேடைகளில் லேப்டாப்பில் டிராக் ஓடுகிறது, அதன் மேல் இரண்டு பேர் பாடுகிறார்கள்.

குழுவினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் பேசுகிற தொகையில் வேன் வாடகை போக, பத்துப் பேருக்குப் பிரித்தால் என்ன தேறும்? மார்கழியில் கல்யாணம் கிடையாது. கோயில் விழாக்களும் சில மாதங்களுக்குத்தான். 2020, 2021 இரண்டு வருடமும் சித்திரை, வைகாசி சீசன் ஊரடங்கில் போயிற்று. எனக்குத் தெரிந்த கிட்டார்காரர் ஒருவர் அப்போது கருவியை விற்றார். இன்னும் திரும்ப வாங்கவில்லை.

இளையராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறி வாசித்தவர். சென்னைக்கு வந்த பிறகு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் வாசித்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது அதற்கெல்லாம் அப்புறம்தான். நம் ஊரில் வாசிக்கத் தெரிந்த பையனுக்கு அப்படி ஒரு மேடை இன்று எங்கே இருக்கிறது?

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும்போதே ‘டிராக் வேண்டாம், எட்டுப் பேராவது வாசிக்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். அதற்குத் தகுந்த தொகையையும் சொல்லுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் பக்கத்து ஊர்க் கமிட்டியோடு பேசி, ஒரே குழுவை அடுத்தடுத்த நாளுக்கு அழைக்கலாம். வேன் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். பேச்சு, பொன்னாடை எல்லாம் முடித்து ஒன்பது மணிக்கு மேடையைக் கொடுத்தால் அவர்கள் எதை வாசிப்பார்கள்? ஏழு மணிக்கே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், மீதிப் பணம். அவர்கள் கருவிகளை உறையில் போடும்போதே அதைக் கையில் கொடுத்துவிடுங்கள். ‘வசூல் வரட்டும், அடுத்த வாரம் வாருங்கள்’ என்று சொன்ன ஒரு ஊருக்கு, அந்த மீதிக்காக மூன்று முறை பஸ் ஏறி வந்த தபலாக்காரரை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரி கொடுத்துவிட்டுக் கச்சேரிக்குக் காத்திருக்கும் ஒருவன்