‘தராம்’ வேறு, ‘நோக்காம்’ வேறு

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் சொல்ல வந்ததற்குப் பக்கத்தில் போவதற்குள் நீ ‘சரிப்பா, மீட்டிங் இருக்கு’ என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்குப் பிறகு நீ பேசியதையெல்லாம் கூட்டினாலும் அரை மணி நேரம் தேறாது என்று அம்மா கணக்குச் சொல்கிறாள். போன வாரம் தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். உன்னைப் பற்றி அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் வருடாந்திர மதிப்பீடு முடிந்துவிட்டது என்று மட்டும் பேச்சுவாக்கில் சொன்னான். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் நீ முடிச்சுப் போட வேண்டாம். மேட்டில் கோடை மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தது. பெரியத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. மற்றச் செய்திகளை அம்மா சொல்வாள்.

ஒரு வேலையைச் செய்து முடிப்பதும், அதை நாலு பேர் கூடிய இடத்தில் எடுத்துச் சொல்வதும் தனித்தனித் திறமைகள். முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் நான் பாதி ஆயுளைக் கழித்தேன். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது மாடி அறையில் கூட்டத்தில் இருந்தாய். காபி கொண்டுவந்த நான், தொந்தரவு செய்ய வேண்டாமென்று கதவருகிலேயே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நான் நின்ற நேரத்தில் நீ மூன்று முறை மைக்கைத் திறந்தாய். மூன்று முறையும் நீ மூச்சை இழுத்து வாயெடுப்பதற்குள் வேறு யாரோ தொடங்கிவிட்டார்கள், நீ மறுபடி மூடிவிட்டாய். மூன்றாவது முறை மூடியபோது உன் முன்னாலிருந்த தாளில் எழுதி வைத்திருந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாய். சற்று நேரத்தில், அந்த வரியில் இருந்ததைத்தான் சொன்னாரோ என்னவோ, ஓர் ஆண் குரல் ஏதோ சொல்ல, எல்லோரும் ‘சூப்பர்’ என்றார்கள். காபியில் ஆடை படிந்துவிட்டது. அதை நானே குடித்துவிட்டு உனக்கு வேறு போடச் சொன்னேன்.

அன்று முதல் இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘அந்தச் சரக்கை நாளைக்குள் அனுப்பிவைக்க எங்களால்’ என்பது வரை கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது, முடியும் என்பதா முடியாது என்பதா என்ற கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அப்படிக் காத்திருந்து பழகிய காது நம்முடையது. ஆங்கிலத்தில் உண்டு, இல்லை என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பாதியிலேயே விழுந்துவிடுகிறது. ஆகவே எதிராளி பாதியிலேயே பிடித்துக்கொண்டு தன் பேச்சைத் தொடங்கிவிடுகிறார், நீயோ முழுதும் முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறாய். அந்த மரியாதையை விடச் சொல்லவில்லை. கூட்டம் தொடங்கி முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடு என்கிறேன். கருத்தாக இல்லாவிட்டாலும் ஒரு கேள்வியாகவாவது இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் கடந்துவிட்டால் தொண்டையில் பூட்டு விழுந்துவிடும், பிறகு அரை மணி நேரம் கழித்துப் பேசுவதென்றால் அது பெரிய பேச்சாக இருந்தாக வேண்டும் என்று மனமே பயமுறுத்தும்.

கேட்பதைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். எனக்கு 23 வயதில் கேரளத்து வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம் என்பதும், ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், வாட்டிப் பத்துப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தால்தான் மூட்டையில் நிற்கும் என்பதும் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் முதலாளி, காய் பதமாகிவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்தச் சொன்னார். ஸ்டோர் மேற்பார்வையாளர் மலையாளி. போன் செய்தேன். ‘ஸ்டோரில் சோதிச்சு, குழப்பமில்ல’ என்றார். நான் முதலாளியிடம், சோதித்துவிட்டார்கள், மூட்டை கட்டலாம் என்றேன். அவர் மொழியில் சோதிச்சு என்றால் விசாரித்தேன் என்று பொருள். அடுப்புக்காரரை விசாரித்திருக்கிறார், அவரும் சரி என்றிருக்கிறார், ஒரு காயைக்கூட யாரும் பிளந்து பார்க்கவில்லை. மூட்டையைப் பிரித்தபோது பச்சை நிறம் போய் வெளுத்து, காயின் காம்புப் பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை பிடித்திருந்தது. முதலாளி திட்டவில்லை. இரண்டு மாதம் என் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.

எனக்கு அப்போதும் மலையாளம் தெரியும். தெரியும் என்ற நினைப்புத்தான் என்னை ஏமாற்றியது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் என் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லி, ‘கருவி வைத்துப் பார்த்தீர்களா, ஆளைக் கேட்டீர்களா’ என்று பிரித்துக் கேட்டுக்கொண்ட பிறகே அடுத்த வேலை. உன் தொழிலிலும் இது அப்படியே செல்லும் என்று நினைக்கிறேன். கூட்டம் கலையும் முன், ‘வியாழக்கிழமைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டியது நான், அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியது நீங்கள், சரிதானே’ என்று ஆளையும் நாளையும் சேர்த்துச் சொல், அன்றைக்கே இரண்டு வரி மெயில் அனுப்பிவிடு. புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை, பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான். ஆனால் கூட்டத்தின் கடைசிச் சொல் உன்னுடையதாகிவிடும். மலையாளத்தில் காதால் கேட்பதற்கு ஒரு சொல், வாயால் கேட்பதற்கு வேறு சொல். நாம்தான் இரண்டுக்கும் கேட்பது என்கிறோம். எனக்கு அது பிடித்திருக்கிறது. காதால் கேட்டதை வாயாலும் கேட்டுவிட்டால்தான் அந்த வேலை முடிகிறது.

பேசும்போது முடிவை முதலில் சொல், காரணத்தைப் பிறகு சொல். ‘தப்பாக இருந்தால் மன்னிக்கணும்’ என்று தொடங்காதே. 2007-இல் கம்ப்யூட்டர் ஏலம் வருவதற்கு முன், ஏல அறையில் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்ற குரலுக்கு நடுவே விலையைக் கூவிக்கொண்டிருந்த காலத்தில், போடிநாயக்கனூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். சாம்பிள் காயைப் பிளந்து விதையைப் பார்ப்பார், முகர்வார், ஒரு விலையைச் சொல்வார், அதோடு வாயை மூடிக்கொள்வார். சொன்ன விலைக்கு நாமே காரணம் சொல்லத் தொடங்கினால் விலை இறங்கத் தொடங்கிவிட்டது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்பார். சம்பளமோ பதவியோ கேட்க வேண்டி வந்தால் (எப்போதாவது வரும் என்பதற்காகச் சொல்கிறேன்) செய்த வேலையை எண்ணிக்கையோடு சொல், வேண்டியதைச் சொல், பிறகு அமைதியாக இரு. அந்த அமைதி எவ்வளவு நீளமாகத் தோன்றினாலும் அதை நீ நிரப்பாதே. 2019-இல் புற்றடி ஏல மையத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது அந்த அறையில் குரலே இல்லை, திரையில் எண் மட்டும் ஏறியது. குரல் போய்விட்டதே தவிர, சாம்பிள் பார்க்கும் இடத்திலும் பாக்கி வசூலிக்கும் இடத்திலும் இன்றைக்கும் வாயும் காதும்தான் வேலை செய்கின்றன.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று ஒரு பயிற்சி மன்றம் பற்றித் தம்பி சொன்னான். 1924-இல் கலிபோர்னியாவில் சான்டா ஆனா என்ற ஊரில் தொடங்கியதாம், இப்போது பெங்களூரிலும் பல கிளைகள் உண்டு. பேசுகிறவருக்கு நேரம் பார்க்க ஒருவர், பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுவார். பேச்சை மதிப்பிட ஒருவர். ‘ஆ’, ‘ம்’ என்று இழுப்பதை எண்ணிக் கணக்குச் சொல்வதற்கென்றே ஒருவர். பேசுவதைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் காதுக்கு இத்தனை வேலை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் பேச்சு தன்னைப் பற்றி நாலைந்து நிமிடம்தான். சேர்ந்து பார். முதல் பத்து நிமிடத்துக்குள் பேசிவிடு என்று எழுதினேன் அல்லவா, அதை மறந்துவிடாதே.

உனக்கு வராது என்று நான் எழுதவில்லை. பத்து வயதில் கோட்டயம் ஆஸ்பத்திரியில் அப்பத்தாவின் கட்டிலருகே நின்று, அவர் ‘நெஞ்சு கரிக்குது’ என்றதை டாக்டர் நெஞ்சுவலி என்று எடுத்துக்கொண்டபோது, வலியல்ல, எரிச்சல், அதுவும் சாப்பிட்ட பிறகுதான் என்று மலையாளத்தில் திருத்தியவள் நீ. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். ஊர் முழுக்க இதைச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பிள்ளையின் வாய் எங்கே போயிற்று என்று அம்மா அடிக்கடி கேட்கிறாள்.

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம், குத்தகைத் தோட்டத்துக் காயை எடுத்த மலையாளி வியாபாரி நம் வீட்டுக்கு வந்திருந்தார். கூட இரண்டு பேர். கூடத்தில் உட்கார்ந்து பாக்கியைப் பற்றிப் பேசினோம். ஓணத்துக்கு முன் பணம் தந்துவிடுவார் என்று நான் கணக்கை முடித்து, அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். நீ நிலைப்படியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாய். அவர்கள் எழுந்த நேரத்தில், ‘அப்பா, மாமா தராம்னு சொல்லலப்பா, நோக்காம்னுதான் சொன்னாங்க’ என்றாய். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செய்தாய். காதால் கேட்டதை வாயால் கேட்டாய். அது சரியென்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. தருகிறேன் என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் உள்ள வேறுபாடு, அவர்கள் ஊரிலேயே இருபது வருடம் உழன்ற எனக்குத் தெரியாமல் போகுமா? பணம் வேண்டும் என்ற ஆசையில் என் காது அதைத் தராம் என்று மாற்றிக்கொண்டது. நான் அவர்கள் முன்னால், ‘பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வாய், உள்ளே போ’ என்று கத்தினேன். அவர்கள் சிரித்தார்கள். நீ நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாய். அழவில்லை.

பணம் மார்கழியில் வந்தது. ஓணத்துக்கு முன் ஜீப்பில் வரும் தோட்ட ஆட்களுக்குக் கூலி கொடுக்க அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்தேன். வண்டி வாங்கத்தான் வைத்தோம் என்று உன்னிடம் சொன்னது பொய். உண்மையைச் சொன்னால் நீ சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் நீ உள்ளே போய்விடுவாய். வந்தவர்கள் அடக்கமான பெண் என்றார்கள். நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். மாடியில் நீ மைக்கை மூடியபோது, நோட்டை மூடியது எனக்குக் கண்ணில் வந்து நின்றது.

போனிலும் நான் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, எப்போது வருகிறாய் என்று நானே அடுக்கிக்கொண்டு போகிறேன். போன மாதம் ஒரு நாள், ‘அப்பா, ஆபீஸ்ல ஒண்ணு’ என்று தொடங்கினாய். நான் இடையில் புகுந்து பெரியத்தையின் முழங்கால் கதையைச் சொன்னேன். பிறகு, ‘ஒண்ணுமில்லப்பா’ என்றாய்.

தம்பி எங்களிடம் சொல்லிவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, அம்மா விடாமல் கேட்டாள். வேலையில் குறையில்லை, கூட்டத்தில் குரலில்லை என்று எழுதியிருந்தார்களாம், அந்தப் பதவி உன்னிடம் வேலை பழகியவருக்குப் போயிற்றாம். அவர்கள் எழுதியதில் பாதி என் பெயரில் எழுதியிருக்க வேண்டியது. மறுபடி மேலதிகாரியைப் பார்க்கும்போது, எந்தக் கூட்டத்தில், எந்த விஷயத்தில் என் குரல் வேண்டியிருந்தது என்று கேள். அவர் சொல்வதை எழுதிக்கொள், திருப்பிச் சொல். அடுத்த மதிப்பீட்டில் பார்க்கலாம் என்றால் அது தராம் அல்ல, நோக்காம்தான். எந்த மாதம், எதைச் செய்தால் என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏலக்காய் அரைக் கிலோ, எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காய், அம்மா பொடித்த பருப்புப்பொடியோடு நாளைக்குப் பார்சல் போடுகிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு. கீழே சிக்னல் விட்டு விட்டு வருவதால் மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. ஒண்ணுமில்லப்பா என்று நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கு.

அன்புடன்,
அப்பா.