யூனியனில் சேரப் போறியாமே என்று கேட்டாயே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, மாமா, பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லாரும் நலமா? போனில் எதை ஆரம்பித்தாலும் பாதியில் யாராவது வாங்கிப் பேசிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். "யூனியன்ல சேரப் போறியாமே, இருக்கிற வேலையும் போயிடாதா?" என்று நீ கேட்டாய். "கொடி பிடிக்கத்தான் கடல் தாண்டிப் போனானா?" என்று பின்னால் மாமா சொன்னதும் என் காதில் விழுந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் என் நிலைமை. நான் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை கட்டாய உரிமம் உள்ள தொழில். அப்ரென்டிஸாக, அதாவது தொழில் பழகுபவனாகப் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவன் சைட்டில் இந்த வேலையைத் தொடக்கூடாது. நான் எடுத்திருக்கும் 309ஏ பிரிவுக்கு மொத்தம் 9000 மணி நேரம். அதில் 720 மணி நேரம் கல்லூரி வகுப்பு, மூன்று கட்டமாக. மற்றதெல்லாம் சைட்டில். ஏறக்குறைய ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள். அப்புறம் பரீட்சை, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். படித்தது வேறு, பிழைப்பு இது என்று ஆகிவிட்டதால் அடியிலிருந்துதான் ஏறுகிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கைவேலை தெரிந்தவனை இங்கே யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை.

இப்போது வேலை பார்ப்பது நம்ம ஆள் ஒருவரிடம். சின்னக் கம்பெனி, வேனில் ஏறினால் நாங்கள் எல்லாரும் அடங்கிவிடுவோம். "கனடா அனுபவம் இருக்கா?" என்று எல்லாரும் கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது, அதைக் கேட்காமல் வேலை கொடுத்தவர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் நாக்கு கூசும். ஆனால் அவர் எடுப்பதெல்லாம் வீட்டு வேலைதான். மரச்சட்டத்தில் துளை போடு, கேபிளை இழு, பெட்டியில் முடி, அடுத்த அறைக்குப் போ. இதையே செய்துகொண்டிருந்தால் கை பழகும், தொழில் முழுசாக வராது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அப்ரென்டிஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சிப் பதிவேடு உண்டு. என்னென்ன வேலை கற்றாய் என்று வரிசையாகப் போட்டிருக்கும், எதிரே சொல்லிக்கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். என்னுடையதைத் திறந்து பார்த்தால் வீட்டு வயரிங் பக்கம் நிரம்பியிருக்கிறது. இரும்புக் குழாயை அளந்து வளைத்து மாட்டுவது, மோட்டார் கன்ட்ரோல், ஃபயர் அலாரம், மூன்று ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர், இந்தப் பக்கங்கள் எல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடக்கின்றன. பரீட்சையில் இவற்றைத்தான் துருவிக் கேட்பார்கள். வேலை செய்த மணிக்கணக்கில் கையெழுத்துக் கேட்டால்கூட "வார கடைசில பாக்கலாம் தம்பி" என்பார் முதலாளி. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை. ஆனால் தாளில் ஏறாத மணி நேரம் எனக்குக் கணக்கில் வராதே.

யூனியன் வழியாக வருகிற அப்ரென்டிஸுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவனைப் பதிவு செய்துகொள்வது ஒரு தனி முதலாளி இல்லை. சங்கமும் கான்ட்ராக்டர்களும் சேர்ந்து நடத்துகிற பயிற்சிக் குழு. அந்தக் குழு அவனை இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள் என்று மாற்றி மாற்றி அனுப்பும். ஆஸ்பத்திரி கட்டுகிற இடம், சுரங்க ரயில், மாடிக் கட்டடம் என்று எல்லாம் பார்த்துவிடுவான். சம்பளமும் பேரம் பேச வேண்டியதில்லை. முழு எலெக்ட்ரீஷியன் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். மணி நேரம் ஏற ஏற சதவீதமும் ஏறும்.

மாமாவுக்கு ஒன்று சொல். அவர் மனதில் இருக்கிற யூனியன் வேறு. நம்மிடம் ஒரே பஸ் டிப்போவில் கட்சிக்கு ஒரு சங்கம்: தொமுச ஒரு பக்கம், சிஐடியு ஒரு பக்கம், அண்ணா தொழிற்சங்கம் ஒரு பக்கம். ஆட்சி மாறினால் யார் கை ஓங்கும் என்பதும் மாறும். இங்கே ஒரு இடத்தில் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை ஒரே சங்கத்துக்குத்தான். ஒன்டாரியோ கட்டடத் துறையில் 55 சதவீதத்துக்கு மேல் தொழிலாளிகள் உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வாக்கெடுப்பு வைக்காமலே தொழிலாளர் உறவு வாரியம் அங்கீகாரம் கொடுக்க முடியும். சங்கமும் கட்சிவாரியாக இல்லை, தொழில்வாரியாக. எலெக்ட்ரீஷியனுக்கு ஒன்று, பிளம்பருக்கு ஒன்று, தச்சருக்கு ஒன்று. எங்கள் தொழிலுக்கானது ஐபிஇடபிள்யூ. 1891ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் லைன்மேன்களும் வயர்மேன்களும் சேர்ந்து ஆரம்பித்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர் 1896ல் லைன் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஷாக் அடித்து விழுந்து இறந்துபோனார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தலைவர் இல்லை.

"சேராமலே அந்தச் சலுகையை எல்லாம் வாங்கிக்கொள்ள முடியாதா?" என்று மாமா அடுத்துக் கேட்பார், தெரியும். தொழிற்சாலை என்றால் ஒரு வழி இருக்கிறது. 1945ல் விண்ட்சர் ஃபோர்டு ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதைத் தீர்த்துவைத்த நீதிபதி ஐவன் ராண்ட், 1946ல் சொன்னது இது: உறுப்பினராகச் சேரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் ஒப்பந்தத்தின் பலனை எல்லாரும் அனுபவிப்பதால் சந்தாவை எல்லாரும் கட்டட்டும். அது இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. கட்டட வேலையில் அந்தப் பாதி வழியும் கிடையாது. பெரிய சைட்டுகள் பலவற்றுக்கு ஆள் போவதே சங்க அலுவலகப் பட்டியலிலிருந்துதான். உள்ளே இரு, இல்லையென்றால் வெளியே இரு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வேலை போகுமா? போகும் அக்கா. யூனியனில் இருந்தாலும் போகும், இல்லாவிட்டாலும் போகும். இதுதான் நான் இங்கே வந்து தாமதமாகப் புரிந்துகொண்ட விஷயம். கட்டடம் முடிந்தால் ஆளும் முடிந்தான். மற்றத் தொழிலாளிகளை நிறுத்தினால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லை அதற்குப் பதில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஒன்டாரியோ சட்டம் சொல்கிறது. கட்டடத் தொழிலாளிக்கு அந்த விதி பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் "திங்கள்கிழமை வர வேண்டாம்" என்று சொன்னால் அவ்வளவுதான். சங்கத்தில் சேர்ந்தால் வேலை நிரந்தரம் என்று நம்ம ஆட்கள் சிலர் இங்கேயே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். சங்கத்துக்காரனையும் கான்ட்ராக்டர் லேஆஃப் செய்யலாம், செய்கிறார்கள்.

வித்தியாசம் அதற்கு மறுநாள்தான் தெரியும். நான் இப்போது இருக்கிற இடத்தில் வேலை நின்றால், அடுத்த வேலையை நானே கதவு கதவாகத் தட்டித் தேட வேண்டும். சங்கத்தில் இருப்பவன் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுப்பான், முறை வரும்போது வேறு கான்ட்ராக்டரிடம் அனுப்புவார்கள். பென்ஷன் ஒரு முதலாளியோடு கட்டிப்போட்டதாக இருக்காது. எந்தக் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தாலும் மணிக்கு இத்தனை என்று ஒரே நிதியில் போய்ச் சேரும். மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் அப்படித்தான். வேலை செய்த மணி நேரம் ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டே வரும், வேலை இல்லாத மாதங்களில் அதிலிருந்து கழித்துக் காப்பீட்டை ஓட்டுவார்கள். இங்கே டாக்டரைப் பார்க்க அரசாங்கம் பணம் கொடுக்கும். கண்ணாடிக்கும் மாத்திரைக்கும் என்னைப் போன்றவன் கைப்பணம்தான். முதலாளி மாறிக்கொண்டே இருக்கிற தொழிலில் மாறாமல் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? சம்பளத்தைவிட இதுதான் என்னை இழுத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. போன குளிர்காலத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் வேலை. பேனல், அதாவது வீட்டு மின்பெட்டி, அதன் மூடியைக் கழற்றிப் புது சர்க்யூட் சேர்க்க வேண்டும். எனக்கு வேலை சொல்லித்தரும் சீனியர், "மெயினை அணைக்காதே, வீட்டுக்காரர் மேலே கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிறார்" என்றார். மெயினை அணைத்தாலும் அதற்கு மேல் பக்கம் வந்து சேரும் தடித்த கம்பி இரண்டிலும் மின்சாரம் உயிரோடுதான் இருக்கும். அணைக்காமல் என்றால் உள்ளே உள்ள செம்புப் பட்டை முழுவதும் உயிர். ஸ்க்ரூ டிரைவர் ஒரு தடவை வழுக்கினால் போதும். நான் மாட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. என்னைத் தள்ளிநிற்கச் சொல்லிவிட்டு, தானே கையுறைகூடப் போடாமல் முடித்தார். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வேலை நாள் குறைந்தது. "ஆர்டர் கம்மி தம்பி" என்றார்கள். இருக்கலாம். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்டாரியோவில் எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்குச் சட்டப்படி உண்டு, அதற்காகப் பழிவாங்கவும் கூடாது. யூனியன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான். ஆனால் தனி ஆளாக நின்று "ஆர்டர் கம்மி"யை எப்படிப் பொய் என்று காட்டுவது? பக்கத்தில் ஒரு சங்கப் பிரதிநிதி இருந்தால், குறைந்தது அந்தக் கேள்வியை என் வாயால் நான் கேட்க வேண்டியிருக்காது.

இங்கே டொராண்டோவில் யார்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு பெரிய துணிச்சித்திரம் மாட்டியிருக்கிறார்கள். 1960 மார்ச் 17 அன்று அந்தப் பக்கத்தில் பூமிக்கடியில் குடிநீர்க் குழாய்க்குச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளிகள் இறந்துபோனார்கள். அதில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. எல்லாரும் என்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் டொராண்டோவில் குடியேறிய கட்டடத் தொழிலாளிகள் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பெரிய வேலைநிறுத்தங்கள் செய்தார்கள், மாகாணத்தின் பாதுகாப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. அதெல்லாம் பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இதே நகரத்தில் தொங்குமேடை உடைந்து நாலு பேர் விழுந்து செத்தார்கள், அவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மூன்று மீட்டருக்கு மேலே வேலை செய்ய இன்று நாங்கள் எல்லாரும் தனிப் பயிற்சி எடுக்க வேண்டியிருப்பது அதன் பிறகு வந்த விதி.

நல்லதை மட்டும் எழுதினால் மாமா என்னை நம்பமாட்டார். உள்ளே நுழைவதே பெரும்பாடு. எழுத்துத் தேர்வு, நேர்காணல், அப்புறம் காத்திருப்பு. அப்பா உறுப்பினர், அதனால் மகனும் உறுப்பினர் என்று வழிவழியாக வருகிற குடும்பங்களுக்கு உள் விவரம் தெரியும், நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். சேர்ந்தபின் சங்கத்தோடு ஒப்பந்தம் இல்லாத கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாது, விடுமுறையில் தெரிந்தவர் வீட்டுக்குச் சின்ன வேலை செய்து கொஞ்சம் பார்த்துக்கொள்வதெல்லாம் நின்றுபோகும். சந்தா உண்டு, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கையிலிருந்து போவது போவதுதான். பெரிய கட்டட வேலைகளுக்கான ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஏப்ரல் 30ஆம் தேதி முடியும். பேச்சு முறிந்தால் மாகாணம் முழுக்க ஒரே நாளில் வேலைநிறுத்தம். அந்த மாதம் உங்களுக்குப் பணம் அனுப்புவது தாமதமாகலாம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்கிற ஆசை உள்ளவனுக்கு வீட்டு வேலை செய்கிற சின்ன முதலாளியிடம் இருப்பதே லாபம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. விலை போடுவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் பக்கத்திலிருந்தே கற்கலாம். எனக்கு அந்த ஆசை இப்போதைக்கு இல்லை.

தேர்வு எழுதி, நேர்காணலும் முடித்துவிட்டேன். கூப்பிட்டால் போவதென்று முடிவு. முதலாளியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. வேறு யாராவது சொல்லி அவர் காதுக்குப் போகக்கூடாது என்று நானே சொன்னேன். வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நானும் ஒரு காலத்துல மனு போட்டேன். கூப்பிடவே இல்ல, அதான் கம்பெனி ஆரம்பிச்சேன்" என்றார். அன்று சாயங்காலமே பாக்கி வைத்திருந்த மணி நேரத்துக்கெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூப்பிடும்வரை அவரிடமே வேலை.

உன்னிடம் ஒரு உதவி. சங்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணுக்குச் சான்று கேட்கிறார்கள். ஒரிஜினல் அப்பா பீரோவில் நீலக் கோப்பில் இருக்கும். அதை அனுப்பாதே, தொலைந்தால் திரும்ப வாங்குவது பாடு. இரண்டு பக்கமும் தெளிவாக ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பு, ஓரத்தில் உள்ள முத்திரை வெட்டுப்படாமல் பார்த்துக்கொள். மாமாவுக்கு இந்தக் கடிதத்தைக் கொடு. பேனல் விஷயம் அவர் வழியாக அம்மா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் தம்பி